துகள் உணவு வந்தால் குருணைக் கசடு என்ன ஆகும்? புதியவர்களுக்கான செய்முறை வழிகாட்டி

குருணைக் கசடு என்பது கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நுண்ணுயிரிகள் சிறு உருண்டைகளாகத் திரண்ட கசடு; அது வேலை செய்யும் தொட்டியைத்தான் உலை என்கிறோம். அசிடேட் மட்டும் ஊட்டி ஆய்வகத்தில் வளர்த்த குருணைகள் உருண்டையாக, வழவழப்பாக, கெட்டியாக இருக்கும். அதே உலைக்கு வீட்டுக் கழிவுநீரை விடத் தொடங்கிய சில வாரங்களில் குருணையின் மேற்பரப்பில் பஞ்சுபோன்ற தளர்ந்த வளர்ச்சி படர்கிறது, வெளியேறும் நீர் கலங்குகிறது, பாஸ்பரஸ் நீக்கம் சரிகிறது. புதியவர்கள் உடனே நச்சுப்பொருளைத் தேடுவார்கள், அல்லது காற்றுக் குழாயைச் சந்தேகிப்பார்கள். பெரும்பாலும் குற்றவாளி உணவின் வடிவம்தான். அசிடேட் முழுக்கக் கரைந்த உணவு. வீட்டுக் கழிவுநீரின் சி.ஓ.டி.யில் (வேதி ஆக்சிஜன் தேவை, அதாவது நீரிலுள்ள கரிமப் பொருளின் அளவுகோல்) ஏறக்குறைய பாதி, சில இடங்களில் அதற்கும் மேல், கரையாத துகளாக வருகிறது.

ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றி வரும்: உங்கள் உலையில் துகள் எங்கே கரைகிறது, எப்போது கரைகிறது? காற்றில்லாக் கட்டத்தில் கரைந்தால் அது குருணைக்கு உணவு. காற்றூட்டும்போது கரைந்தால் அது பஞ்சுக்கு உணவு.

## துகள் குருணைக்குள் போவதில்லை

குருணை என்பது தாங்குபொருள் ஏதும் இல்லாமல், நுண்ணுயிரிகள் தாமே சுரக்கும் பசையால் கட்டிக்கொண்ட உருண்டை. 0.2 மி.மீ.க்கு மேற்பட்டதைக் குருணை என்றும், அதற்குக் கீழ்ப்பட்டதைத் திரள், அதாவது ஃப்ளாக், என்றும் கணக்கிடுவது வழக்கம். இந்த உருண்டை நிலைத்து நிற்பதற்குக் காரணம், வெளியிலிருந்து வரும் உணவும் ஆக்சிஜனும் ஒரே நேரத்தில் கிடைக்காததுதான். காற்றில்லாக் கட்டத்தில், கீழிருந்து மெதுவாக ஏறும் கழிவுநீரிலுள்ள அசிடேட், புரோப்பியோனேட் போன்ற ஆவியாகும் கொழுப்பு அமிலங்கள் குருணையின் ஆழம் வரை ஊடுருவுகின்றன. பாஸ்பரஸ் சேர்க்கும் அக்யுமுலிபாக்டர், கிளைக்கோஜன் சேர்க்கும் காம்பெடிபாக்டர் ஆகியவை அவற்றை உறிஞ்சி பி.எச்.ஏ. என்ற சேமிப்புப் பொருளாக வைத்துக்கொள்கின்றன. பிறகு காற்று வரும்போது வெளியே உணவு இருக்காது. சேமித்ததைச் செலவழித்து மெதுவாக வளரும். அந்த நிதானம்தான் மேற்பரப்பை வழவழப்பாக வைத்திருக்கிறது.

துகளுக்கு இந்த வழி அடைபட்டிருக்கிறது. பசை வலைக்குள் நுழைய முடியாத அளவு பெரிதாக இருப்பதால் அது குருணையின் வெளிப்புறத்தில் ஒட்டிக்கொள்கிறது, திரளில் சிக்குகிறது, அல்லது நீரோடு வெளியேறுகிறது. ஒட்டிய துகளை நொதிகள் முதலில் நீராற்பகுக்க, அதாவது நீரின் துணையால் சிறு மூலக்கூறுகளாக உடைத்துக் கரைக்க, வேண்டும். பிறகு நொதிப்பவை அதைக் கொழுப்பு அமிலமாக்க வேண்டும். அதன் பிறகே சேமிப்பவர்களுக்குப் பங்கு. மூன்றில் முதல் படிதான் மிக மெதுவானது. காற்றில்லாக் கட்டம் ஒன்றரை மணி நேரம் என்றால் அதற்குள் துகளின் ஒரு சிறு பகுதிதான் கரையும். மிச்சம் காற்றூட்டும் கட்டத்துக்குப் போகிறது.

அங்கே நடப்பதுதான் சிக்கல். குருணையின் மேற்பரப்பில் ஆக்சிஜன் இருக்கிறது. துகளிலிருந்து உணவு சொட்டுச் சொட்டாகக் கசிகிறது. சேமிக்கத் தெரியாத, ஆனால் வேகமாக வளரத் தெரிந்த சாதாரண பாக்டீரியாக்களுக்கு இது கொண்டாட்டம். உணவின் செறிவு குறைவாக இருப்பதால், வெளியே நீட்டிக்கொண்டிருப்பவருக்கே அதிகம் கிடைக்கும். எனவே விரல்போன்ற நீட்சிகளும் இழை நுண்ணுயிரிகளும் முந்துகின்றன. குருணையின் அடர்த்தி குறைகிறது, படியும் வேகம் விழுகிறது.

இதற்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு. தாமதமாகக் கரையும் துகள், காற்றூட்டும் கட்டத்தின் பிற்பகுதியில் நைட்ரேட்டைக் குறைக்கத் தேவையான கார்பனைத் தருகிறது. துகளை முழுக்க வடிகட்டிவிட்ட உலையில் நைட்ரேட் ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

## படி 1: வரும் நீரைப் பிரித்து அளவிடுங்கள்

மொத்த சி.ஓ.டி. ஒன்றை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். 24 மணி நேரக் கலப்பு மாதிரி எடுத்து, 4 டிகிரி செல்சியஸில் வைத்து, அன்றே அளவிடுங்கள். தாமதித்தால் பாட்டிலுக்குள்ளேயே துகள் கரைந்து, கரைந்த உணவு தீர்ந்து, எண்கள் பொய் சொல்லும். மாதிரியைப் பிரிக்கும்போது பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள், மொத்த சி.ஓ.டி.க்கான பகுதியை மிக்ஸியில் அடித்து ஒருசீராக்குங்கள். அடிக்காத மாதிரியில் ஒரே ஒரு நாரோ காகிதத் துணுக்கோ பிப்பெட்டில் ஏறினாலும் ஏறாவிட்டாலும் முடிவு மாறிவிடும்.

மூன்று அளவீடுகள் வேண்டும். ஒன்று, மொத்தம். இரண்டு, 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்தது. மூன்று, திரட்டி வடித்தது: 100 மி.லி. மாதிரியில், லிட்டருக்கு 100 கிராம் செறிவுள்ள துத்தநாக சல்பேட் கரைசல் 1 மி.லி. சேர்த்து ஒரு நிமிடம் வேகமாகக் கலக்கவும்; 6 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடால் கார அமில அளவை (pH) 10.5க்குக் கொண்டுவரவும், சில நிமிடம் மெதுவாகக் கலக்கிப் படியவிட்டு, மேலுள்ள தெளிந்த நீரை 0.45 மைக்ரானில் வடித்து அளவிடவும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் துகள். இரண்டாவதிலிருந்து மூன்றாவதைக் கழித்தால் கூழ்மம், அதாவது கரையாமல் நீரில் கலந்திருக்கும் மிக நுண்ணிய துகள். மூன்றாவது, உண்மையிலேயே கரைந்தது. நன்றாக இயங்கும் உலையிலிருந்து வெளியேறும் நீரையும் இதே முறையில் திரட்டி வடித்து அளவிட்டால், சிதையாத கரைந்த பகுதி தெரியும். அதைக் கழித்தால் எளிதில் சிதையும் சி.ஓ.டி. கிடைக்கும்.

கூழ்மத்தைத் துகளோடு சேர்த்தே எண்ணுங்கள். 0.45 மைக்ரான் வடிகட்டியைத் தாண்டிவிட்டதாலேயே அது குருணைக்குள் ஊடுருவும் என்று பொருள் இல்லை. 'கரைந்த சி.ஓ.டி. நிறைய இருக்கிறதே, ஏன் பாஸ்பரஸ் போகவில்லை' என்ற கேள்விக்கு விடை பல நேரம் இங்கேதான் ஒளிந்திருக்கும்.

ஒரு எடுத்துக்காட்டு. மொத்தம் 500 மி.கி./லி., வடித்தது 220, திரட்டி வடித்தது 150, சிதையாத கரைந்தது 30 என்று வைத்துக்கொள்வோம். துகள் 280, கூழ்மம் 70, எளிதில் சிதைவது 120. ஆக, வரும் உணவில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவானதுதான் நேராகக் குருணைக்குள் போகக்கூடியது.

இத்துடன் ஒரு லிட்டர் இம்ஹாஃப் கூம்பில் படியும் அளவையும் பாருங்கள்: 45 நிமிடம் படியவிட்டு, சுவரில் ஒட்டியவற்றைக் கண்ணாடிக் கோலால் மெதுவாகத் தட்டிவிட்டு, இன்னும் 15 நிமிடம் விட்டு அளவெடுக்க வேண்டும். படியும் துகளும் மிதந்து திரியும் துகளும் உலையில் வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளும். படிவது கசடுப் படுக்கையின் அடியில் தங்கும். படியாதது மேலே திரளோடு ஒட்டும்.

## படி 2: எதை வடிகட்டுவது, எதை விடுவது

3 மி.மீ. சல்லடையும் மணல் நீக்கமும் கட்டாயம். முடியும் துணி நாரும் அடிப்பகுதி விநியோகக் குழாயின் துளைகளை அடைத்தால், நீர் ஒரே பக்கமாக ஏறும்; அதன்பின் மற்ற எந்தச் சரிசெய்தலும் பலிக்காது. எண்ணெய், கொழுப்பு இரண்டையும் முன்கூட்டியே நீக்க வேண்டும். அவை குருணையைப் பூசி மிதக்கவைக்கும்.

முதன்மைப் படிவுத் தொட்டி வேண்டுமா என்பதற்கு ஒற்றைச் சொல்லில் பதில் இல்லை. அது மிதக்கும் திடப்பொருளில் 50 முதல் 70 விழுக்காடும், பி.ஓ.டி.யில் (நுண்ணுயிரிகள் சிதைக்கக்கூடிய கரிமப் பொருளின் அளவுகோல்) 25 முதல் 40 விழுக்காடும் எடுத்துவிடும். குருணைக்கு நிம்மதி. ஆனால் நைட்ரஜன் அப்படியே இருக்க, கார்பன் மட்டும் குறையும். பல பெரிய குருணைக் கசடு நிலையங்கள் முதன்மைப் படிவு இல்லாமலே இயங்குகின்றன. படிவுத் தொட்டியைக் கழிப்பதற்காக மட்டும் வைக்காமல், படிந்த கசடை 2 முதல் 4 நாள் நொதிக்கவிட்டு, அதில் உருவாகும் கொழுப்பு அமிலங்களை உலைக்குத் திருப்பிவிட்டால் துகளே நல்ல உணவாகிவிடும். நொதிப்பு நாட்களை நீட்டினால் மீத்தேன் உருவாக்கிகள் குடியேறி அந்த அமிலத்தைத் தின்றுவிடும். குளிர்ந்த நீரில் சற்றுக் கூடுதல் நாள் தாங்கும், வெப்பமான நீரில் தாங்காது.

முடிவெடுக்க ஒரு கணக்குப் போடுங்கள். உயிர்வழியில் 1 மி.கி. பாஸ்பரஸ் நீக்க, சுமார் 10 மி.கி. எளிதில் சிதையும் சி.ஓ.டி. வேண்டும். லிட்டருக்கு 5 மி.கி. பாஸ்பரஸை இவ்வழியில் நீக்க வேண்டுமானால் 50 மி.கி. தேவை. மேலே உள்ள எடுத்துக்காட்டில் 120 இருக்கிறது, தாளில் போதும். உலையில் போதுமா என்பதை நைட்ரேட் தீர்மானிக்கும். அதைப் படி 4இல் பார்க்கலாம்.

## படி 3: ஆய்வக உலைக்குத் துகளை ஊட்டுவது

பெரிய நிலையத்தில் வேலை செய்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டலாம்.

உண்மைக் கழிவுநீர் கிடைக்காதபோது மாவுச்சத்தைத் துகளாகப் பயன்படுத்துவது எளிது. கொதிக்கவைக்காதீர்கள், கொதித்தால் பசையாகிக் கூழ்மமாகிவிடும், நீங்கள் சோதிப்பது துகள் அல்ல. மணியின் அளவு வகைக்கு வகை மாறும்: அரிசி மாவுச்சத்து சில மைக்ரான், சோளம் 5 முதல் 25 மைக்ரான், உருளைக்கிழங்கு 100 மைக்ரான் வரை. சிறியது திரளில் ஒட்டும், பெரியது நேரே படியும். எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறீர்களோ அதற்கேற்ப வகையைத் தேர்ந்தெடுங்கள். 1 கிராம் உலர்ந்த மாவுச்சத்து 1.185 கிராம் சி.ஓ.டி.க்குச் சமம், கடையில் வாங்கியதில் ஈரப்பதம் 10 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் என்பதால் ஒருமுறை அளந்துகொள்வது நல்லது.

ஊட்டத் தொட்டியைத் தொடர்ந்து கலக்கிக்கொண்டே, 4 டிகிரியில் வைக்க வேண்டும். அறை வெப்பத்தில் விட்டால் ஒரே நாளில் புளித்து அமிலமாகிவிடும். துகள் உணவு கொடுப்பதாக நினைத்துக்கொண்டு கரைந்த உணவு கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். பம்ப் குழாயின் உள்விட்டம் மிகப் பெரிய துகளைப்போல் குறைந்தது மூன்று மடங்காவது இருக்கட்டும். குழாயில் தொய்வு இருந்தால் அங்கே துகள் படியும். வாரம் ஒருமுறை, உலைக்குள் நுழையும் இடத்தில் மாதிரி எடுத்துத் தொட்டி மாதிரியோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் உங்கள் சி.ஓ.டி. சமன்பாடு எப்போதும் சேராது.

அசிடேட்டிலிருந்து துகளுக்கு ஒரே நாளில் மாறாதீர்கள். சி.ஓ.டி.யின் 10 முதல் 20 விழுக்காட்டைத் துகளாக மாற்றி, ஒரு கசடு வயது (கசடு உலையில் தங்கும் சராசரி நாட்கள்) முடியும் வரை பொறுத்து, குருணையைப் பார்த்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

துகள் எங்கே ஒட்டுகிறது என்று அறிய, லூகோல் அயோடின் ஒரு துளி போதும். மாவுச்சத்து கருநீலமாகும். காற்றில்லாக் கட்டத்தின் முடிவில் எடுத்த குருணையைப் பாருங்கள், காற்றூட்டும் கட்டத்தின் முடிவில் எடுத்ததையும் பாருங்கள். முதலாவதில் இருந்த கருநீலம் இரண்டாவதில் மறைந்திருந்தால், அது காற்றில்தான் தீர்ந்திருக்கிறது.

## படி 4: சுழற்சியை அமைப்பது

10 லிட்டர் வேலைக் கொள்ளளவும் 10 செ.மீ. விட்டமும் கொண்ட ஒரு நெடுங்குழாய் உலை என்று வைத்துக்கொள்வோம். நீரின் உயரம் சுமார் 1.27 மீட்டர். ஒவ்வொரு சுழற்சியிலும் 4 லிட்டர் மாற்றம். 6 மணி நேரச் சுழற்சி, நாளுக்கு நான்கு. நாளொன்றுக்கு 16 லிட்டர், அதாவது 8 கிராம் சி.ஓ.டி.; கன மீட்டருக்கு நாளுக்கு 0.8 கிலோ.

தொடங்க ஏற்ற பகிர்வு: கீழிருந்து ஊட்டம் 75 நிமிடம், காற்றில்லாக் காத்திருப்பு 30, காற்றூட்டம் 225, படிதல் 10, வெளியேற்றம் 15, ஓய்வு 5. படிதல் நேரத்தை இந்த அளவுக்குக் குறைப்பது பிறகுதான்; படி 5 பார்க்கவும்.

75 நிமிடத்தில் 4 லிட்டர் என்றால் மேலேறும் வேகம் மணிக்கு 0.4 மீட்டர். இந்த நிதானம் வேண்டுமென்றே வைத்தது. படுக்கை அசையாமல் கிடந்தால் அது துகளைப் பிடிக்கும் வடிகட்டியாகவும் வேலை செய்யும். அவசரப்பட்டு வேகத்தைக் கூட்டினால் படுக்கை விரிந்து, இலேசான துகள் இடைவெளிகள் வழியே மேலேறிவிடும். ஊட்டமும் வெளியேற்றமும் ஒரே நேரத்தில் நடக்கும் உலைகளில் இது நேரடியாக வெளியேறும் நீரில் தெரியும்.

ஊட்டும்போது கலக்கக் கூடாது. ஏன் என்பதற்கு நைட்ரேட் கணக்கு. முந்தைய சுழற்சியில் மிஞ்சிய 6 லிட்டர் நீரில் லிட்டருக்கு 8 மி.கி. நைட்ரேட் நைட்ரஜன் இருந்தால் மொத்தம் 48 மி.கி. ஒவ்வொரு மி.கி.யும் சுமார் 7 மி.கி. சி.ஓ.டி.யைத் தின்னும், 336 மி.கி. போய்விடும். வரும் 4 லிட்டரில் எளிதில் சிதைவதே 480 மி.கி.தான். மிச்சம் 144, லிட்டருக்கு 36. தேவைப்பட்ட 50க்குக் கீழே. கலக்காமல் கீழிருந்து தள்ளினால், படுக்கைக்குள் தேங்கிய நீர் மட்டுமே புதிய உணவைச் சந்திக்கும். அது 3 லிட்டர் என்றால் இழப்பு 168 மட்டுமே. லிட்டருக்கு 78 மி.கி. மிஞ்சும். ஒரே கழிவுநீர், ஒரே உலை. கலக்கியின் சுவிட்ச் ஒன்றுதான் வேறுபாடு.

ஊட்டம் முடிந்த பின் வரும் 30 நிமிடக் காத்திருப்புதான் துகளுக்காக ஒதுக்கிய நேரம். இங்கே நைட்ரஜன் வாயுவால் சில நொடிகள் மெல்ல அசைத்துவிட்டால் அடியில் தேங்கிய அமிலங்கள் மேலுள்ள குருணைக்கும் போய்ச் சேரும். துகள் பங்கு அதிகமென்றால் இதை 60 நிமிடம் வரை நீட்டுங்கள். அதே சமயம் பேராசையும் வேண்டாம். ஏ.எஸ்.எம். 2டி என்ற கணக்கு மாதிரி, காற்றில்லா நீராற்பகுப்பின் வேகத்தைக் காற்றுள்ள நிலையைப்போல் 0.4 பங்காகவே எடுத்துக்கொள்கிறது. காத்திருப்பை இரண்டு மணி நேரமாக்கினாலும் எல்லாத் துகளும் கரைந்துவிடாது. நைட்ரஜனேற்றத்துக்கான, அதாவது அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுவதற்கான, காற்று நேரம்தான் பறிபோகும். அடியில் கந்தக வாடையும் கிளம்பும்.

## படி 5: திரளைப் பகையாக்காதீர்கள்

குருணை வளர்ப்பு என்றாலே படிதல் நேரத்தைக் குறைத்துத் திரளை வெளியே தள்ளுவது என்று பலர் படித்திருப்பார்கள். கரைந்த உணவு மட்டும் உள்ள உலைக்கு அது சரி. துகள் வரும் உலையில் அது பாதி உண்மை.

திரளின் மேற்பரப்பு, அதே எடையுள்ள குருணையைவிட மிக அதிகம். துகளும் கூழ்மமும் அதில்தான் சுலபமாகச் சிக்குகின்றன. தண்டுள்ள வோர்டிசெல்லா, எபிஸ்டைலிஸ் போன்ற ஒருசெல் உயிரிகள் நுண்துகளை வடித்துத் தின்கின்றன. எல்லாத் திரளையும் துடைத்தெடுத்துவிட்டால் வெளியேறும் நீரில் திடப்பொருள் ஏறும். கூடவே உயிர்ப்பொருள் குறைந்து, மீதமுள்ள குருணைமேல் துகள் சுமை கூடும். நன்றாக இயங்கும் நகர்க் கழிவுநீர் உலைகளிலும் ஒரு பங்கு திரள் நிரந்தரமாக இருக்கிறது. அது இருக்கட்டும்; குருணை பெரும்பான்மையாக இருந்தால் போதும்.

நமது உலையில் வெளியேற்றத் துளை, நீர்மட்டத்திலிருந்து 0.51 மீட்டர் கீழே இருக்கிறது. 30 நிமிடம் படியவிட்டால் மணிக்கு 1 மீட்டருக்கு மேல் படிவதெல்லாம் தங்கும். 20 நிமிடம் என்றால் 1.5, 15 என்றால் 2, 10 என்றால் 3 மீட்டர். நல்ல குருணை மணிக்கு 10 மீட்டருக்கு மேல் இறங்கும். 30இல் தொடங்கி, வெளியேறும் நீரின் திடப்பொருள் ஒவ்வொரு முறையும் பழைய அளவுக்குத் திரும்பிய பிறகே அடுத்த படிக்கு இறங்குங்கள். அளவு திரும்பாமல் ஏறிக்கொண்டே இருந்தால் ஒரு படி பின்வாங்குவதில் வெட்கமில்லை.

கசடை வெளியேற்றும்போது கலந்த நீரிலிருந்து எடுக்காதீர்கள். படிந்த பின் படுக்கையின் மேல் அடுக்கிலிருந்து எடுங்கள். கனமான குருணை அடியில் கிடந்து முதல் உணவைப் பெறும். திரளும் அதில் ஒட்டிய சிதையாத துகளும் மேலே கிடக்கும். மேலிருந்து எடுத்தால் திரளின் வயது சில நாட்களாகவும் குருணையின் வயது பல வாரங்களாகவும் தாமே பிரிந்துவிடும். துகள் ஒட்டிய திரளை அது முழுக்கக் கரையும் முன்பே வெளியே எடுப்பது, காற்றுக் கட்டத்தில் கசியும் உணவையும் குறைக்கிறது.

## படி 6: காற்று

காற்றூட்டத்தின் முதல் பகுதியில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மி.கி. சுற்றி இருக்கட்டும். அம்மோனியா தீரத் தொடங்கியதும் 0.5 முதல் 1 வரை இறக்கினால், குருணையின் உட்பகுதியில் நைட்ரேட் குறையும். ஆனால் மேற்பரப்பில் பஞ்சு தென்படும் காலத்தில் இந்த இறக்கத்தை நிறுத்திவையுங்கள். குறைந்த ஆக்சிஜனும் குறைந்த உணவும் சேர்ந்தால் இழைகளுக்குத்தான் லாபம்.

துகள் காற்றில் கரைகிறதா என்பதை ஆக்சிஜன் உறிஞ்சும் வேகம் காட்டிக்கொடுக்கும். அரை மணிக்கு ஒருமுறை உலையிலிருந்து மாதிரி எடுத்து, 300 மி.லி. பி.ஓ.டி. பாட்டிலில் காற்றுக் குமிழ் இல்லாமல் நிரப்பி, ஆய்கோலைச் செருகி, காந்தக் கலக்கியில் வைத்து, ஆக்சிஜன் 6இலிருந்து 2 மி.கி. வரை இறங்கும் சரிவைக் குறித்துக்கொள்ளுங்கள். அம்மோனியா தீர்ந்த பிறகும் வேகம் தட்டையாகிவிடாமல் நீண்ட வாலாக மெல்ல மெல்ல இறங்கினால், அது பெரும்பாலும் துகள் கரையும் வால். ஒரு பாட்டிலில் நைட்ரஜனேற்றத்தைத் தடுக்க அல்லைல்தயோயூரியா சேர்த்து ஒப்பிட்டால் ஐயம் தீரும்.

## படி 7: வாரம் தவறாமல் பார்க்க வேண்டியவை

எஸ்.வி.ஐ.யை, அதாவது ஒரு கிராம் கசடு படிந்த பின் எத்தனை மி.லி. இடம் பிடிக்கிறது என்பதை, 5 நிமிடத்திலும் 30 நிமிடத்திலும் எடுங்கள். ஒரு லிட்டர் உருளையில் 5 நிமிடத்தில் 420 மி.லி., 30 நிமிடத்தில் 360 மி.லி., திடப்பொருள் லிட்டருக்கு 7 கிராம் என்றால், எண்கள் 60, 51, விகிதம் 0.86. நல்ல நிலை. 5 நிமிடத்தில் 650, 30 நிமிடத்தில் 400 என்றால் 93, 57, விகிதம் 0.62. ஏதோ நடக்கிறது.

அந்த 'ஏதோ' இரண்டில் ஒன்று: திரள் பெருகியிருக்கிறது, அல்லது குருணையே பஞ்சாகியிருக்கிறது. எண் இரண்டுக்கும் ஒன்றுதான், மருந்து வேறு. திரள் பெருகினால் படுக்கையின் மேலிருந்து கூடுதலாக வெளியேற்ற வேண்டும். குருணை பஞ்சானால் வெளியேற்றுவதில் பயனில்லை, காற்றில்லாத் தொடர்பு நேரத்தைச் சரிசெய்ய வேண்டும். பிரித்தறியச் சல்லடையும் நுண்ணோக்கியும் தேவை. 100 மி.லி. கலந்த கசடை 0.2, 0.63, 1, 2 மி.மீ. சல்லடைகள் வழியே மெதுவாக ஊற்றி, வெளியேறும் நீராலேயே அலசி, ஒவ்வொன்றிலும் தங்கியதை 105 டிகிரியில் உலர்த்தி நிறுக்கவும். குழாய் நீரைப் பீய்ச்சினால் பஞ்சான குருணை உடைந்து கணக்கைக் கெடுக்கும்.

இன்னொரு பொறி: கழிப்பறைக் காகித நார். அது 0.2 மி.மீ. சல்லடையில் தங்கி, 'குருணை' என்று எடையில் சேர்ந்துவிடும். தொடக்க வாரங்களில் குருணைப் பங்கு திடீரென உயர்ந்தால் மகிழ்வதற்கு முன் நுண்ணோக்கியில் பாருங்கள். முனைவாக்கிய ஒளியில் நார் பளிச்சென மின்னும், குருணை மின்னாது.

காற்றில்லாக் கட்டத்தின் முடிவில் படுக்கை நீரில் பாஸ்பேட்டும், திரட்டி வடித்த சி.ஓ.டி.யும் அளவிடுங்கள். பாஸ்பேட் உயர்ந்து சி.ஓ.டி. தாழ்ந்திருந்தால் சேமிப்பு நடக்கிறது. சி.ஓ.டி. மிஞ்சியிருந்தால் அது காற்றுக்குள் போய் மேற்பரப்பில் வளர்ச்சியாகும்.

## கெடும்போது

மேற்பரப்பில் விரல்கள். காத்திருப்பை 30 நிமிடம் நீட்டுங்கள். காற்றின் முதல் பகுதியில் ஆக்சிஜனை 2க்குக் குறையாமல் வையுங்கள். சுமையைத் தற்காலிகமாகக் குறையுங்கள். மாற்றம் தெரிய வாரங்கள் ஆகும். மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாமல் போகும்.

நீர் கலங்கல். வெளியேற்றத்தின் தொடக்கம், நடு, முடிவு மூன்றிலும் மாதிரி எடுங்கள். தொடக்கத்தில் மட்டும் அதிகமென்றால் மிதக்கும் நுரை, கொழுப்பு அல்லது வாயுவால் மேலேறிய கசடு. முடிவில் மட்டும் அதிகமென்றால் படுக்கை துளைக்கு மிக அருகில் வந்துவிட்டது. முழுவதும் ஒரேபோல் என்றால் படியாத நுண்துகள். திரளும் ஒருசெல் உயிரிகளும் போதவில்லை. கசடு வாயுவால் மிதந்தால், மிச்ச நைட்ரேட் படுக்கைக்குள் நைட்ரஜன் வாயுவாகிறது. படிதலுக்கு முன் ஒரு நிமிடம் காற்றால் உலுக்கிவிட்டால் குமிழ்கள் கழன்றுவிடும்.

படுக்கையில் ஓட்டை வழி. கரைந்த உணவு ஒரு பக்கமாகவே ஏறிப் போகிறது, துகள் மறுபக்கம் அழுகுகிறது. ஊட்ட நீரில் சிறிது உப்புக் கரைத்து, மேலே மின்கடத்துத்திறனைப் பதிவுசெய்யுங்கள். எதிர்பார்த்ததைவிட வெகு முன்னதாகவே உயர்ந்தால் நீர் படுக்கைக்குள் பரவாமல் குறுக்கு வழியில் ஏறுகிறது. விநியோகத் துளைகளைச் சுத்தம் செய்து, படுக்கையை ஒருமுறை முழுக்கக் கலக்கி மீண்டும் படியவிடுங்கள்.

பாஸ்பரஸ் ஏறுகிறது, குருணை நன்றாகவே இருக்கிறது. முதலில் நைட்ரேட்டைச் சோதியுங்கள், பிறகு கொழுப்பு அமிலத்தை. மழைக்காலத்தில் கழிவுநீர் நீர்த்து, குழாயிலேயே ஆக்சிஜன் ஏறி வந்தால் அமிலம் உலைக்கு வரும் முன்பே தீர்ந்திருக்கும்.

## துகள் உண்மையில் உதவுகிறதா? ஒரு தனிச் சோதனை

காத்திருப்பை நீட்டலாமா, நொதிப்புத் தொட்டி கட்டலாமா என்று தீர்மானிக்கும் முன் இதைச் செய்துபாருங்கள். காற்றூட்டத்தின் முடிவில் குருணை எடுங்கள். அப்போதுதான் உள்ளே பாஸ்பேட் நிறைந்திருக்கும். நைட்ரேட் போக அலசி, மூன்று மூடிய குடுவைகளைத் தயாராக்குங்கள். முதலாவதில் குருணையும் துகளும். இரண்டாவதில் குருணை மட்டும். மூன்றாவதில் துகள் மட்டும். குருணை ஆவியாகும் திடப்பொருளாக (எரித்தால் மறையும் கரிமப் பகுதி) லிட்டருக்கு 3 கிராம், துகள் சி.ஓ.டி.யாக 500 மி.கி. இருக்கட்டும். துகளுக்கு, கழிவுநீரைக் குளிரில் இரண்டு மணி நேரம் படியவிட்டு, அடியில் உள்ளதை மூன்று முறை கழுவி எடுங்கள். கழுவாவிட்டால் ஒட்டியிருக்கும் கரைந்த உணவு முடிவைக் குழப்பும். நைட்ரஜன் வாயு செலுத்தி, கார அமில அளவை 7க்கும் 7.5க்கும் இடையில் நிறுத்தி, 20 டிகிரியில் மெதுவாகக் கலக்குங்கள். 0, 30, 60, 120, 240, 360 நிமிடங்களில் மாதிரி எடுத்துப் பாஸ்பேட், கொழுப்பு அமிலம், திரட்டி வடித்த சி.ஓ.டி., அம்மோனியா அளவிடுங்கள்.

முதல் குடுவையின் பாஸ்பேட் உயர்விலிருந்து இரண்டாவது, மூன்றாவது குடுவைகளின் உயர்வைக் கழியுங்கள். மிஞ்சுவது, துகள் கரைந்து சேமிப்பாளர்களிடம் போய்ச் சேர்ந்ததன் அடையாளம். முதல் 60 நிமிடத்திலேயே கணிசமாக எழுந்தால் காத்திருப்பை நீட்டுவது பலன் தரும். 240 நிமிடத்துக்குப் பிறகே எழுந்தால் உங்கள் சுழற்சிக்குள் அது நடக்காது. நொதிப்புத் தொட்டி அல்லது முதன்மைப் படிவுதான் வழி. பாஸ்பேட் எழாமல் கொழுப்பு அமிலம் மட்டும் சேர்ந்தால் நொதிப்பு நடக்கிறது, உறிஞ்சுபவர்கள் குறைவு. மூன்றாவது குடுவையிலும் அமிலம் சேர்ந்தால், நொதிப்பவை கழிவுநீருடனேயே வந்தவை.

நீர் குளிரும் பருவத்தில் இதே சோதனையை அந்த வெப்பநிலையில் மீண்டும் செய்யுங்கள். ஏ.எஸ்.எம். 2டி மாதிரியில் 20 டிகிரிக்கான நீராற்பகுப்பு வேக மாறிலி நாளுக்கு 3, 10 டிகிரிக்கு 2. வெப்பமான பருவத்தில் பொருந்திய காத்திருப்பு நேரம் குளிரில் பற்றாது. காற்றுக் கட்டத்துக்குப் போகும் துகள் கூடும். குருணையின் மேற்பரப்பில் அது தெரிய வாரங்கள் பிடிக்கும் என்பதால், நீர் குளிரத் தொடங்கும்போதே நேரத்தை மாற்றிவிடுவது நல்லது.